ஒரு பவுண் ராசா

சுவிசின் லா ஷோ-து-ஃபோனில் நான் வேலை செய்த பட்டறையில் ராசாக்களுக்குக் குறைவில்லை. பாலைவனத்து மன்னர் ஒருவர் முடிசூடிக் கால் நூற்றாண்டு ஆனாலும் சரி, ஏதோ ஒரு தீவின் அரசர் மகளைக் கட்டிக்கொடுத்தாலும் சரி, அதன் நினைவுக்கு ஒரு தங்கக் காசு வேண்டும் என்று தோன்றினால் எங்கள் முதலாளிக்கு அழைப்பு வரும். ராசாக்கள் வராத மாதங்களில் துப்பாக்கி சுடும் போட்டிக்கும், கூடுதலாகப் பால் கறந்த மாட்டுக்கும் பதக்கம் அடித்தோம்.

அந்த ஊர்ச் சனத்துக்கு ராசாக்களைக் கண்ணில் காட்டக் கூடாது. முன்னொரு காலத்தில் அந்தப் பிரதேசம் எங்கோ வடக்கே இருந்த ஒரு ராசாவுக்குச் சொந்தமாக இருந்ததாம். மணிக்கூடு செய்கிற ஆட்கள் பனிக்குள்ளால் மலையிறங்கிப் போய் அவருடைய ஆட்சியை முடித்துவைத்தார்கள். அதற்காக இன்றைக்கும் மார்ச் முதலாம் தேதி லீவு. ராசாவைத் துரத்திய நாளை நாங்கள் வீட்டில் படுத்துக் கொண்டாடிவிட்டு, அடுத்த நாள் வந்து வேறொரு ராசாவின் தாடியைத் துடைத்து மினுக்குவோம்.

நான் மன்னார்க்காரன், கத்தோலிக்கன். அகதியாக வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அந்தக் கைக்குத்தான் பிறகு தங்கம் கழுவும் வேலை கிடைத்தது. காசாகப் போகிற வட்டுகளை அடிக்க முன் கழுவுவதும், அடித்த பின் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கீறல் பார்ப்பதும் என் பொறுப்பு. வேலை முடிந்து போகும்போது சப்பாத்தின் அடியைத் தூரிகையால் துடைத்துவிட்டுத்தான் போகவேண்டும். தங்கத் தூசி எங்களோடு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்பதில் முதலாளிக்குக் கண்டிப்பு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு குளிர்காலம், சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் இருந்து ஒருவர் ரெலிபோன் எடுத்தார். அங்கே இருந்த ஒரு தமிழ்க் கலாசாரக் கழகத்தின் தலைவர். சூரிச்சில் ஒரு வைத்தியசாலையின் துணி துவைக்கும் பகுதியில் வேலை. என்னை அவர் கண்டதில்லை. காசு அடிக்கிற இடத்தில் ஒரு தமிழன் நிற்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, எங்கட ராசாவுக்கு ஒரு தங்கக் காசு அடிக்க வேணும்," என்றார்.

"எந்த ராசா அண்ணை?"

"இதென்ன கேள்வி? யாழ்ப்பாணத்து ராசா!"

அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டார். கோட்டும் சூட்டும், கழுத்துப் பட்டி, மெல்லிய சப்பாத்து. எங்கள் ஊர்ப் பனியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்ரேசனிலிருந்து என் வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு முறை வழுக்கி விழுந்து, அரச அலுவலாக வந்தவர் முழங்காலில் ஈரத்தோடு எங்கள் குசினிக் கதிரையில் இருந்தார். கூட வந்தவரைக் கழகத்தில் சரித்திரக்காரர் என்று கூப்பிடுவார்களாம். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தபோது படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தவர். இப்போது ஓர் இத்தாலிய உணவகத்தில் பீட்சா போடுகிறார்.

என் மனைவி தேத்தண்ணி வைத்தபடி கேட்டாள்: "எங்கட ஆக்களை வெட்டின ராசாவோ?"

அவளும் மன்னார்தான். மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் எடுத்த சனத்தை யாழ்ப்பாணத்து ராசா ஒருவர் படையோடு வந்து வெட்டினார் என்பது எங்களுக்குக் கோயிலில் சொல்லித்தந்த கதை. தலைவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தேத்தண்ணியை ஊதத் தொடங்கினார்.

சரித்திரக்காரர் இடையில் புகுந்தார். "அது முந்தின ராசா, அக்கா. இவர் பிறகு வந்தவர். கடைசி ராசா. போர்த்துக்கேயப் பறங்கியரோட சண்டை பிடிச்சுத் தோத்து, கோவாவுக்குக் கொண்டுபோனவங்கள். ரெண்டு பேருக்கும் ஒரே பேர்."

தலைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ரெண்டு பேரோ? நான் ஒராள் எண்டெல்லோ நினைச்சன்."

"இல்லை அண்ணை, இடையில எத்தினை ராசாக்கள்."

"ரயினில வரேக்க நீர் இதைச் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லை."

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "பேர் ஒண்டுதானே, பிறகென்ன? காசில பேரைப் போடுவம். ஆருக்கு எந்த ராசா வேணுமோ அவரை நினைக்கட்டும்," என்று பிரச்சினையை முடித்தார்.

"முகம்?" என்றாள் என் மனைவி.

"ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு முகம்."

அன்று பட்டறை இவர்களுக்காகவே திறந்திருந்தது. முதலாளிக்கு ராசா என்றால் ராசாதான். எந்த நாடு, இப்போது இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். தலைவருக்குக் கைகொடுத்து, கதிரை இழுத்துப் போட்டு, ஒரு வெளிநாட்டுத் தூதரை உபசரிப்பதுபோல் உபசரித்தார். தலைவரின் பாஷை ஜெர்மன், முதலாளியின் பாஷை பிரெஞ்சு. நடுவில் நான்.

காசில் பெறுமதி போடவேண்டும் என்று தலைவர் தொடங்கினார். நூறு என்றாவது போடலாமாம். முதலாளி முடியாது என்று தலையாட்டினார். அரசாங்கம் கேட்டால்தான் காசு அடிக்கலாம். நாடில்லாதவர்கள் கேட்டால் அதற்குப் பேர் காசு இல்லை, பதக்கம். பெறுமதி எழுதினால் கள்ளக்காசு என்று பொலிஸ் வரும் என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். அதை நான் தமிழில் சொல்ல, தலைவரின் முகம் விழுந்துபோயிற்று. கொஞ்சம் பொறுத்து அவரே தேறிக்கொண்டார்.

"பதக்கம் எண்டாலும் பறவாயில்லை. பொம்பிளையள் சங்கிலியில கோத்துக் கழுத்தில போடுவினம். மேல ஒரு வளையம் வைக்கச் சொல்லும்."

எவ்வளவு நிறை என்று முதலாளி கேட்டார். "ஒரு பவுண்," என்றார் தலைவர் உடனே. நான் விளங்கப்படுத்தினேன். முதலாளி சிரித்துக்கொண்டு அலுமாரியைத் திறந்து, மாதிரிக்கு வைத்திருந்த ஓர் இங்கிலாந்துத் தங்கப் பவுணை எடுத்து மேசையில் வைத்தார். இங்கிலாந்து மகாராணி பக்கவாட்டில் எங்களைப் பார்க்காமல் இருந்தா. எங்கள் ராசாவின் நிறையை அவ தீர்மானித்ததுபற்றி அன்றைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மதாம் வந்தா. அச்சு செதுக்குபவ அவதான். பட்டறையில் முதலாளி உட்பட எல்லோரும் அவவை மதாம் என்றே கூப்பிடுவோம். ஐம்பது தாண்டிய மனுஷி. வாயில் சிகரெட் எரியும், நெற்றியில் கண்ணாடி இருக்கும். ராசாக்களைச் செதுக்கிச் செதுக்கி அவவுக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதையும் மிஞ்சியிருக்கவில்லை. "உங்கள் ராசாவின் படத்தைக் காட்டுங்கள்," என்றா.

படம் கிடையாது. ஒருவரும் அவரை வரைந்து வைக்கவில்லை. சரித்திரக்காரர் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். யாழ்ப்பாணத்து ராசாக்கள் உண்மையாகவே வெளியிட்ட பழைய காசு ஒன்றின் படம். ஒரு பக்கம் ஓர் ஆள் நிற்கிறார்: தலைக்கு ஒரு புள்ளி, கைக்கும் காலுக்கும் கோடுகள், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு மாதிரி ஏதோ. மறுபக்கம் படுத்திருக்கிற இடபம், மேலே பிறை, கீழே தமிழில் 'சேது' என்று எழுத்து.

மதாம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தா. அவவுடைய சிகரெட் சாம்பல் தாளில் விழுந்தது, அவ கவனிக்கவில்லை.

"இதைச் செய்தவன் கெட்டிக்காரன்," என்றா. "பாருங்கள் இந்த மாட்டை. நாலு கோட்டில் மாடு படுத்திருக்கிறது. இதை அப்படியே செய்வோம். நான் ஒன்றையும் தொடமாட்டேன்."

நான் மொழிபெயர்த்தேன்.

"மனிசி பகிடி விடுறாவோ?" என்றார் தலைவர். "ராசாவுக்கு மூக்கே இல்லை. தவக்களை எழும்பி நிக்கிறமாதிரிக் கிடக்கு. இதைக் கொண்டுபோய் வெள்ளைக்காரனுக்குக் காட்டினா என்ன நினைப்பான்?"

"அது தங்கமும் இல்லை, அண்ணை," என்றார் சரித்திரக்காரர் மெல்ல. "இப்ப கிடைக்கிறதெல்லாம் அநேகமாச் செம்பு."

"நீர் கொஞ்சம் பேசாம இரும்."

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. மாட்டுப் பக்கத்தை மதாம் தன் விருப்பப்படி பழைய காசைப் பார்த்துச் செய்வா. ராசா பக்கத்துக்கு இங்கிலாந்துக் காசில் உள்ளதுபோல ஒரு பக்கவாட்டு முகம்: கிரீடம், மீசை, மூக்கு எல்லாம் வேண்டும். மதாம் தோளைக் குலுக்கினா. முகம் அனுப்புங்கள், செய்கிறேன் என்றா.

திரும்ப ஸ்ரேசனுக்கு நடந்தபோது தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், வழுக்குமே என்ற பயத்தில். "தம்பி, நான் ஹொஸ்பிற்றலில ரத்தச் சீலை துவைக்கிறன்," என்றார் திடீரென்று. "அங்க வேலை செய்யிற ஒருத்தன் கேட்டான், உங்கட நாட்டில சனம் வீட்டிலயோ இருக்கிறது, மரத்திலயோ எண்டு. சிரிச்சுக்கொண்டுதான் கேட்டான். எங்களுக்கும் ராசா இருந்தவர் எண்டு சொன்னன். காட்டு எண்டான்." ஊரில் அந்த நேரம் யாழ்ப்பாணத்துச் சனமே மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்து ரோட்டில் நின்றது. அவருடைய தாயும் அதற்குள் எங்கோ இருந்தா. ரயில் வந்தது. ஏறும்போது, "மீசை மேல்நோக்கி இருக்கவேணும் எண்டு மனிசியிட்டச் சொல்லும்," என்றார்.

முகங்கள் தபாலில் வரத் தொடங்கின. முதலில் ஒரு நாட்டுக்கூத்துக்காரர்: அட்டைக் கிரீடமும் ஒட்டுத்தாடியும், அருகில் யாரோ கொக்கக்கோலாப் போத்தலோடு. பிறகு ஒரு கலண்டரிலிருந்து வெட்டிய முருகன். மதாம் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பெண் யார்?" என்றா. மூன்றாவதாக வந்தது ஒரு சினிமா நடிகர், ராசா வேடத்தில். உயிரோடு இருக்கிறவரா என்று மதாம் கேட்டா, ஓம் என்றேன். அப்படியானால் முடியாது, வழக்குப் போடுவான் என்று திருப்பித் தந்துவிட்டா.

இதற்கிடையே கழகத்துக்குள் மீசைச் சண்டை. மேல்நோக்கிய மீசை பொலிஸ்காரன் மாதிரி என்று ஒரு பகுதி. கீழ்நோக்கியது தோற்றவன் மாதிரி என்று மறுபகுதி. தோற்றவர்தானே என்று சரித்திரக்காரர் சொல்ல, அவரை ஒரு கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். இவ்வளவும் ரெலிபோனில் எனக்கு வந்துசேரும். நான் மதாமுக்குச் சொல்லுவேன். அவவுக்கு அது வானொலி நாடகம் கேட்பதுபோல.

ஒருநாள் மத்தியானம் நான் யன்னலடியில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பனி வெளிச்சம். மதாம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றா.

"அப்படியே இருங்கள்."

"சாப்பிடக்கூடாதா?"

"சாப்பிடுங்கள். தலையை மட்டும் திருப்பாதீர்கள்."

அந்த நாட்டில் என் முகத்தை யாராவது அக்கறையாகப் பார்த்தது என்றால் அகதி அனுமதிக்குப் படம் எடுத்தவர்தான். அவரும் காது தெரிகிறதா என்றுதான் பார்த்தார். மதாம் மூக்கைப் பார்த்தா, தாடையைப் பார்த்தா, கிட்ட வந்து விரலால் என் புருவத்து எலும்பைத் தொட்டுப் பார்த்தா. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது. சில நாட்களில் சாப்பாட்டுத் தட்டளவு வெள்ளைச் சாந்து வட்டில் நான் இருந்தேன். தலையில் கூத்துக்காரரின் கிரீடம், காதில் குண்டலம், சின்னதாக ஒரு மீசை. இந்தப் பெரிய உருவைப் பார்த்துத்தான் ஓர் இயந்திரம் காசளவுக்குச் சிறிதாக்கி உருக்கு அச்சில் வெட்டும்.

என் மனைவி பார்க்க வந்தாள். வட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். "மாதாவே," என்றாள். "எங்கட ஆக்களை வெட்டினவனுக்கு உங்கட மூக்கோ?"

"இது மற்ற ராசாவாம்."

"உங்கட தலைவருக்கு ரெண்டும் ஒண்டுதானே."

வட்டைப் படமெடுத்துக் கழகத்துக்கு அனுப்பினோம். தலைவர் அன்றே ரெலிபோன் எடுத்தார். "இதுதான் தம்பி! கண்டவுடன எனக்கு மேல் சிலிர்த்துப்போச்சு. என்ன ஒரு ராசகளை! மனிசி எங்கயிருந்து எடுத்தவ?"

"அண்ணை, அது நான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

"மெய்யாவோ?"

"மெய்தான்."

பிறகு குரல் மாறி, மிகவும் கனிவாகக் கேட்டார்: "தம்பி, நீர் மன்னாரில எவ்விடம்?" சொன்னேன். "ஐயா என்ன செய்தவர்?"

எங்கள் ஆட்களுக்கு அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று தெரியும். சுவிசுக்கு வந்து இத்தனை வருடத்தில் அதை என்னிடம் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கூடுதலாக இந்தக் கனிவோடுதான்.

"கடலுக்குப் போனவர்," என்றேன். "தாத்தாவும் கடல்தான். அவருக்கு முதல் இருந்தவையும் கடல்தான்."

"நல்லது, நல்லது," என்றார். வைத்துவிட்டார்.

கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் அதற்கு மேலால் சிரிப்பு வந்தது. நான் ராசா வேலைக்கு மனுப்போட்டவன் இல்லை. பதவி தானாக வந்து, ஒரு ரெலிபோனில் போகப் பார்த்தது.

இரண்டு நாள் கழித்துத் தீர்மானம் வந்தது. மூக்கைக் கொஞ்சம் கூராக்கி, தாடையை மாற்ற முடியுமா என்று கழகம் கேட்கிறது. மதாமிடம் சொன்னேன். காரணம் கேட்டா. என்னால் முடிந்த பிரெஞ்சில் சாதியை விளங்கப்படுத்தினேன். அவ சிகரெட்டை அணைத்தா.

"மூக்கைத் தொடமாட்டேன்," என்றா. "அவர்களுக்கு வேறு மூக்கு வேண்டுமென்றால் வேறு செதுக்குபவரைப் பார்க்கட்டும்."

முதலாளி நடுவில் வந்து சமாதானம் பேசினார். மூக்கு இருக்கும், மீசையைப் பெரிதாக்குவோம். பெரிதாக்கினா மதாம், கோபத்தோடு. அது மூக்கின் அடியிலிருந்து புறப்பட்டு, கன்னத்தைக் கடந்து, காதுக் குண்டலத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அது எல்லாப் பக்கமும் போயிற்று. கழகத்தின் இரண்டு பகுதியினரும் தாங்கள் வென்றதாக நினைத்தார்கள். "இப்ப நல்லாயிருக்கு," என்றார் தலைவர். "அது நீர் எண்ட கதை வெளியில தெரியவேண்டாம், சரியோ?"

என் மனைவி ஏற்கெனவே எங்கள் கோயில் சனம் முழுவதற்கும் சொல்லியிருந்தாள்.

வெளியீட்டு விழா ஷ்லீரனில் ஒரு மண்டபத்தில். குத்துவிளக்கு, நாதஸ்வரக் கசெற், பேச்சாளர்கள் வரிசை. காசடிக்க உதவிய தம்பி என்று எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் பேசும்போது காசை உயர்த்திப் பிடித்து, "இந்தக் கண்களைப் பாருங்கள்! அடிபணியாத கண்கள்!" என்றார். நான் அன்றைக்கு யன்னலடியில் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கும் மதாமுக்கும்தான் தெரியும்.

சரித்திரக்காரரை மேடையில் ஏற்றவில்லை. அவர் பின்னால் வடை சுடுகிற இடத்தில் நின்றார். என்னைக் கண்டதும் கிட்ட வந்து, "அண்ணை, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்," என்றார். "கோவாவில அந்தக் கடைசி ராசாவின்ர தலையை எடுத்தவங்கள் எல்லோ? அதுக்கு முதல் அவர் ஞானஸ்நானம் எடுத்தவராம். பறங்கியர் அப்பிடி எழுதிவைச்சிருக்கிறாங்கள். பறங்கிப் பேர் ஒண்டும் வைச்சவங்களாம். மேடையில இதைச் சொல்ல வேண்டாமெண்டு தலைவர் சொல்லிப்போட்டார்."

"அப்ப அவர் எங்கட ஆளோ?" என்றாள் என் மனைவி. அவள் கையில் வடை. "உண்மையாவோ?"

"அவங்கள் எழுதினது அக்கா. உண்மையோ ஆருக்குத் தெரியும்."

மேடையில் கைதட்டல் நடந்துகொண்டிருந்தது. அவள் முதன்முறையாகக் காசை வாங்கி உற்றுப் பார்த்தாள். "பாவம்," என்றாள். ராசாவைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

காசு நல்லாகவே போயிற்று. வைத்தியசாலையில் தலைவர் அதைக் காட்டினாராம். மரத்துக் கேள்வி கேட்டவன் கையில் வாங்கி நிறை பார்த்து, உண்மையான தங்கமா என்று மட்டும் கேட்டானாம். கல்யாண வீடுகளில், பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியச் சடங்குகளில் பெண்கள் அதைப் போட்டிருக்கக் கண்டேன். அநேகமானவர்கள் மாட்டுப் பக்கத்தைத்தான் வெளியே தெரியப் போட்டிருந்தார்கள். ஒரு மணப்பெண்ணின் தாயிடம் என் மனைவி ஏன் என்று கேட்டாள். "உந்த மீசைக்காரன் ஒரு வடிவும் இல்லை, பிள்ளை. நந்தியைப் பாரும், என்ன லட்சணம்," என்றா அந்த அம்மா, நான் பக்கத்தில் நிற்க. மதாமுக்கு இதைச் சொன்னபோது, முதலிலேயே சொன்னேனே என்றா.

ஓரிரு வருடத்தில் கழகம் இரண்டாக உடைந்தது. ராசாவால் அல்ல, கரப்பந்தாட்டக் கோப்பை ஒன்றை யார் வைத்திருப்பது என்பதால். அதற்குப் பிறகு ஒருநாள் தலைவர் ரெலிபோன் எடுத்தார். இப்போது அவர் புதுக் கழகத்தின் தலைவர். ராசாவின் அச்சு பழைய கழகத்திடம் போய்விட்டது. ஆகையால் இவர்கள் ராணிக்கு ஒரு காசு அடிக்கப்போகிறார்களாம்.

"ராணிக்கும் படம் இல்லை, தம்பி," என்றார். "உம்மட மனிசியை நான் அண்டைக்கு வீட்டில பாத்தனான். நல்ல முகவெட்டு. மதாமிட்டக் கேட்டுப்பாரும்."

"அவவும் மன்னார்தான் அண்ணை. அவவின்ர ஐயாவும் கடல்தான்."

"அதெல்லாம் இப்ப ஆர் பாக்கினம்?" என்றார் அவர்.

நான் ரெலிபோனின் வாயைப் பொத்திக்கொண்டு மனைவியிடம் சொன்னேன். அவள் மணிக்கூட்டு முகப்பு செய்கிற தொழிற்சாலையில் வேலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். "ராணியா இருக்க எனக்கு நேரமில்லை எண்டு சொல்லுங்கோ," என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் காசு கடைசிவரை அடிபடவில்லை. மதாம் அந்த வருடமே ஓய்வெடுத்துப் போனா, புதுக் கழகமும் நிலைக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, பூசைக்குப் புறப்படும்போது, மனைவி குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டில் நின்று, கடைக்கண்ணால் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். என்னைக் கண்டதும், "என்ன பாக்கிறியள்? நேரம் போச்சு," என்று லைற்றை நிறுத்திவிட்டு வந்தாள்.